பல்கலைக்கழக வாழ்க்கையை வாய்மொழியாகப் பதிவு செய்வது எப்படி: அண்ணாமலை நகரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தின் செனட் தீர்மானங்களும் பட்டமளிப்பு விழா உரைகளும் அச்சில் இருக்கும். விடுதி மெஸ்ஸில் விடிகாலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார்கள், தேர்வு முடிவை எந்தச் சுவரில் ஒட்டினார்கள், ஊருக்குப் போகக் காசில்லாத மாணவர் தீபாவளியை எங்கே கழித்தார் என்பதெல்லாம் அங்கே இருந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. 1955-ல் அங்கே படித்தவருக்கு இன்று தொண்ணூறு வயது. ஆகவே இந்த வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

எடுத்துக்காட்டுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். ராஜா அண்ணாமலை செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2013-ல் புதிய சட்டத்தின் மூலம் நிர்வாகம் முழுவதும் தமிழக அரசின் கைக்கு வந்தது. வகுப்பறை, விடுதி, மெஸ், ஊழியர் குடியிருப்பு, மருத்துவமனை எல்லாம் அடங்கிய அதன் வளாகமான அண்ணாமலை நகர் ஒரு தனி ஊர். படித்தவர், பரிமாறியவர், காவல் காத்தவர் என எல்லோருக்கும் அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது. கீழே சொல்லும் முறை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அப்படியே பொருந்தும். காலக்கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

"அண்ணாமலை நகர் நினைவுகள்" என்று ஆரம்பித்தால் நூறு பேரிடம் பேசி முடித்தும் கையில் ஒன்றும் தேறாது. "1965 முதல் 1985 வரை ஆண்கள் விடுதியில் சாப்பாடு", "பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் ஆசிரியர் அல்லாத ஊழியர்கள்", "2013-க்கு முன்னும் பின்னும் அலுவலக வேலை" என்று ஏதாவது ஒன்றை எடுங்கள். ஒரு தலைப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும். ஒருவருக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் பதினைந்து பேருக்கு 45 மணி நேர ஒலிப்பதிவு சேரும். எழுத்தாக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டு பேர் வாரக் கடைசியில் மட்டும் உட்கார்ந்து செய்ய ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

பேசப் போகுமுன் பழைய ஆண்டறிக்கை, மாணவர் கையேடு, வெள்ளிவிழா மலர் போன்றவற்றைத் தேடிப் படித்துவிடுங்கள். விடுதிப் பெயரும் துறைத்தலைவர் பெயரும் தெரியாமல் போய் உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரம் அவர் உங்களுக்குப் பாடம் நடத்துவதிலேயே போய்விடும்.

யாரிடம் முதலில் போவது

வயதில் மூத்தவரிடம், உடம்புக்கு முடியாதவரிடம் முதலில் போங்கள். அடுத்து, தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைக்க வாய்ப்பில்லாதவர்கள். பேராசிரியர்களுக்கு மணிவிழா மலர் வந்திருக்கும், கட்டுரை எழுதியிருப்பார்கள், அவர்களைப் பற்றி மாணவர்களும் எழுதியிருப்பார்கள். மெஸ் மாஸ்டர், பரிமாறியவர், வாட்ச்மேன், ஆய்வக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், தேர்வுப் பிரிவு எழுத்தர், பல்கலைக்கழக அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் இவர்களைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் கருத்தில் பட்டியலில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழு வழியாகத் தேடுவது சுலபம். ஆனால் அதில் ஒரே பேட்ச், ஒரே துறை, நல்ல வேலைக்குப் போனவர்கள் என்று ஒரே சாயலில் ஆட்கள் கிடைப்பார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார். ஓய்வூதியர் சங்கம், ரயிலடிப் பக்கத்து டீக்கடை, பழைய ஜெராக்ஸ் கடை, சிதம்பரம் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளில் அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்கள் என்று வெளியே போய்த் தேடுங்கள். 2013-க்குப் பிறகு பணி நிரவலில் ஏராளமான ஊழியர்கள் வேறு அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இன்று மாநிலம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்தால் அவரிடமே இன்னும் இரண்டு பெயர் கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் விடுதியில் இருந்தவர்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். விடுதிக் கதவு அடைக்கும் நேரம், பார்க்க வருபவர் பெயர்ப் பதிவேடு, ஊருக்குப் போக யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் ஆண்களின் நினைவில் கிடையவே கிடையாது. இலங்கை, மலேசியாவிலிருந்து வந்து படித்தவர்களையும் விடாதீர்கள். இங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் பொறுப்பேற்ற விபுலானந்தரே மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவைச் சேர்ந்தவர். தொலைவில் இருப்பவரோடு வீடியோ அழைப்பில் பேசும்போது அழைப்பின் ஒலியைப் பதிவு செய்தால் சொற்கள் விட்டுவிட்டு வரும். அவர் பக்கத்தில் யாராவது ஒருவர் இன்னொரு போனில் நேரடியாகப் பதிவு செய்து கோப்பை அனுப்பட்டும்.

கருவி

கேமரா கட்டாயமில்லை. முகத்துக்கு நேரே கேமரா இருந்தால் பலர் மேடையில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒலி மட்டும் எடுத்து, கடைசியில் நாலைந்து புகைப்படம் எடுத்தால் போதும்.

கையடக்க ரெக்கார்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண ஆண்ட்ராய்டு போனும், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் ஒயர் வைத்த காலர் மைக்கும் நன்றாகவே வேலை செய்யும். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில செயலிகள் பதிவையே நிறுத்திவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் (WAV) வடிவம் என்று அமையுங்கள். இப்படி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும்; 45 மணி நேரமும் சேர்ந்து 24 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-ல் எடுக்கத் தேவையே இல்லை. எம்பி3-ல் சுருக்கும்போது போன தகவலைப் பிறகு மீட்க முடியாது.

காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்துங்கள். புடவைத் தலைப்பில் குத்தினால் சரசரவென்று உரசும். ரவிக்கையின் கழுத்து விளிம்பில் அவரையே பொருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கிலி, ருத்திராட்சம், சட்டைப்பை பேனா ஏதும் மைக்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஒலி அளவு அதிகபட்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்து நிற்கட்டும். சிரிக்கும்போதும் கோபப்படும்போதும் ஏறுவதற்கு இடம் வேண்டும். உச்சத்தில் வெடித்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகச் சரி செய்யாது.

நம் வீடுகளில் பதிவைக் கெடுப்பவை எவை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மின்விசிறி முதல் எதிரி. அணைத்தால் பெரியவருக்கு வியர்க்கும், அணைக்காவிட்டால் பதிவு முழுக்க உறுமும். டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஐந்தாறு அடி தள்ளி, மைக்கில் நேராகப் படாதபடி வைப்பது நடைமுறைக்கு ஏற்ற சமரசம். அடுத்து பிரிட்ஜ், இன்வெர்ட்டர், குக்கர் விசில். மார்கழி விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி, முகூர்த்த நாளில் மண்டப மேளம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசன நாட்களில் பதிவே வைக்காதீர்கள். ரெக்கார்டரை மேசைமேல் வைத்தால் அடியில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். காப்பி டம்ளரை டபராவில் வைக்கும் ஓசை நேருக்கு நேர் கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. மர மேசை வழியாக மைக்குக்குப் போகும்போது சுத்தியல் அடிபோல விழும்.

முதல் சந்திப்பு, ரெக்கார்டர் இல்லாமல்

அரை மணி நேரம் மட்டும் போய் வாருங்கள். என்ன செய்கிறீர்கள், குரல் எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று விளக்கி, ஒப்புதல் கடிதத்தின் படியைப் படித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். பெரியவர் உற்சாகத்தில் மிக நல்ல சம்பவத்தை அன்றே சொல்லத் தொடங்குவார். மறுநாள் ரெக்கார்டர் ஓடும்போது அதே சம்பவம் "அன்னிக்கே சொன்னேனே" என்று இரண்டு வரியில் முடிந்துபோகும். அதனால், "ஐயா, இதை அப்படியே நாளைக்குச் சொல்லுங்க, முழுசா பதிவாகணும்" என்று தயங்காமல் நிறுத்துங்கள். வருத்தப்பட மாட்டார்கள், முக்கியமான விஷயம் என்று புரிந்துகொள்வார்கள்.

பழைய விடுதிக் கட்டண ரசீது, ஹால் டிக்கெட், குழுப்படம், வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குழுப்படம் ஒன்று கையில் இருந்தால் இருபது கேள்விக்குச் சமம். வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வருவார், ஒரு முகத்தில் விரல் நிற்கும். அங்கே ஏதோ இருக்கிறது, காத்திருங்கள்.

ஒப்புதல் கடிதம் ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக இருக்கட்டும். அதில் ஐந்து விஷயம் வேண்டும்: பதிவை எங்கே வைப்பீர்கள்; யார் கேட்கலாம்; பெயர் போடலாமா, மறைக்க வேண்டுமா; எந்தப் பகுதியையாவது எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டுமா; பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்வது. பேசுவதற்கு முன் ஒரு கையெழுத்து, எழுத்துப் படியைப் படித்த பிறகு இன்னொன்று என்று இரண்டு முறை வாங்குங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் முன்கூட்டியே போட்ட ஒரு கையெழுத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கடிதத்தை வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தைக் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கருத்தைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "விடுதி வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்றால் "அது ஒரு பொற்காலம்" என்று வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விவரத்தைக் கேளுங்கள்.

"முதல் நாள் ரயிலை விட்டு இறங்கி விடுதிக்கு எதுல போனீங்க? கூட யார் வந்தாங்க? கையில என்ன கொண்டு போனீங்க?" என்றால் தகரப் பெட்டியும் மாட்டுவண்டியோ ரிக்‌ஷாவோ வெளியே வரும். "அறையில எத்தனை கட்டில்? ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?" என்று கேட்டால் காகிதத்தில் படம் வரைந்தே காட்டுவார்; அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மெஸ்ஸைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் கேட்கலாம். திங்கட்கிழமை காலை என்ன டிபன், இட்லிக்கு அளவு உண்டா, சைவ மெஸ்ஸும் அசைவ மெஸ்ஸும் தனித்தனியா, யார் எங்கே உட்கார்ந்தார்கள், இலையா தட்டா, தட்டை யார் கழுவினார்கள், மாதக் கடைசியில் மெஸ் பில் கட்ட முடியாதவர் என்ன செய்தார். உட்காரும் இடத்தைக் கேட்டால் சாதி தானாக வரும். "சாதி பார்த்தாங்களா?" என்று நேரே கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

சமையல் மாஸ்டரிடம் அவருடைய கணக்கில் கேளுங்கள். ஒரு வேளைக்கு எத்தனை படி அரிசி, சாம்பாருக்கு எந்த அண்டா, விறகு எப்போது நின்று காஸ் வந்தது, ஸ்ட்ரைக் நாளில் சமைத்த சோறு என்ன ஆனது. தொழில் தெரிந்தவரிடம் தொழிலைக் கேட்டால்தான் குரல் நிமிரும்.

ஒரே நேரத்தில் ஒரே கேள்வி. பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நல்ல பகுதி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். "ஓ... அப்படியா" என்று வாயால் கொட்டிக்கொண்டே இருக்காதீர்கள், உங்கள் குரல் அவர் குரல்மேல் விழும், தலையசைத்தால் போதும். மகன் குறுக்கே வந்து "அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, நான் சொல்றேன்" என்றால், அவரிடமும் தனியாகப் பேச வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால் தடுக்க வேண்டாம். அவருக்கும் ஒரு மைக் மாட்டிவிடுங்கள், ஊழியர் குடியிருப்பு வாழ்க்கையை அவரைவிட நன்றாகச் சொல்பவர் கிடைக்கமாட்டார்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

யாருக்கும் தேதி நினைவிருக்காது. அதைத் தோண்டிக் கேட்டு நோகடிக்காமல், பக்கத்தில் நடந்த பெரிய சம்பவத்தைக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா பின்னா (1964 டிசம்பர்), அண்ணா மறைந்தபோது எங்கே இருந்தீர்கள் (1969 பிப்ரவரி 3), நெருக்கடி நிலை (1975 முதல் 1977), எம்.ஜி.ஆர். மறைவு (1987 டிசம்பர் 24), சுனாமி (2004 டிசம்பர் 26), தானே புயல் (2011 டிசம்பர் 30). கடைசி இரண்டும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நாள், கிழமையோடு நினைவிருக்கும்.

பேச்சில் வரும் சில சொற்களே காலத்தைக் காட்டும். பி.யு.சி. (புகுமுக வகுப்பு) படித்தேன் என்றால், பிளஸ் டூ வந்த 1978-க்கு முந்தையவர். தென்னாற்காடு மாவட்டம் என்றால் 1993 பிரிவினைக்கு முந்தைய பழக்கம். ஆனால் காசு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நயா பைசா 1957-ல் வந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பதை எட்டணா என்றும் நம்மவர்கள் பல பத்தாண்டுகள் சொன்னார்கள். "டீ நாலணா" என்ற ஒரு வரியை வைத்து 1957-க்கு முன் என்று குறித்தால் தப்பாகிவிடும். கடிதங்களில் பழைய 'ணை', 'லை' எழுத்துரு இருந்தாலும் அப்படித்தான். 1978-ல் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் கை பழகியவர்கள் பழைய எழுத்தையே எழுதினார்கள்.

வலிக்கும் நினைவுகள்

அண்ணாமலை நகரில் மூன்று சம்பவங்கள் கட்டாயம் பேச்சில் வரும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1965 ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் இறந்தது. 1971-ல் மாணவர் உதயகுமாரின் மரணம். 1996-ல் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு கொலை. கடைசிச் சம்பவத்தை அடுத்துத்தான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

இவற்றை முதல் அமர்வில் நீங்களாக எடுக்காதீர்கள். இரண்டாவது அமர்வில், "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கண்ணால் கண்டது எது, அன்று மாலை விடுதியில் கேட்டது எது, பிற்பாடு பேப்பரில் படித்தது எது என்று பிரித்துக் கேட்பது மிக முக்கியம். ஐம்பது வருடத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். 27-ம் தேதி நடந்ததை ஒருவர் குடியரசு தினத்தன்று நடந்ததாகச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். இந்தி ஆட்சிமொழி ஆகவேண்டியிருந்த நாள் ஜனவரி 26. அந்த நாள் அவர் மனதில் எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பதும் ஒரு தகவல்தான். சரியான தேதியை எழுத்துப் படியின் அடிக்குறிப்பில் போடுங்கள். உதயகுமார் விஷயத்தில் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் நேரெதிராக இருக்கும். இரண்டையும் முழுதாகப் பதிவு செய்யுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லி வாதத்துக்கு இழுக்காதீர்கள்.

குரல் உடைந்தால் ரெக்கார்டரை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிடமாவது வேறு பேச்சுப் பேசி, மனம் அடங்கிய பிறகு எழுந்திருங்கள். உயிரோடிருக்கும் யாரையாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அந்தப் பகுதியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியிடும் படியில் பெயரை நீக்கிவிடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

அன்றிரவே செய்ய வேண்டியது

வீட்டுக்கு வந்ததும் கோப்பை மடிக்கணினிக்கு மாற்றி, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு படி, கிளவுடில் ஒரு படி வையுங்கள். மூன்றும் திறக்கிறதா என்று கேட்டுப் பார்க்காமல் மெமரி கார்டை அழிக்கக் கூடாது. கோப்பின் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம், சில பழைய கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆள் எண், தேதி, அமர்வு எண் போதும்: 007_20250314_01. எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் தனியாக, பூட்டிய கோப்பில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறையும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

நினைவு சூடாக இருக்கும்போதே ஒரு நேரக்குறிப்பு எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி: "00:35 மெஸ் பில் பாக்கி, 00:40 புயல் வந்த வருடம், கூரை, 00:45 தெற்கு வீதி ஹோட்டல்." எழுத்தாக்கம் என்றைக்கு முடிந்தாலும், இந்தக் குறிப்பு இருந்தால் பதிவு அன்றிலிருந்தே பயன்படும்.

எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். குரலை எழுத்தாக்கும் செயலிகளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அவை பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றிவிடும், ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் சிதைக்கும், மௌனமான இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தைக்கூடச் சேர்த்துவிடும். வரிக்கு வரி கேட்டுத் திருத்தாமல் நம்பக் கூடாது.

பேச்சை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. ஒருவர், "மெஸ்ஸு அடைச்சிட்டா அவ்ளோதான், வெளிய போயி பன்னும் டீயும். அதுவும் கடன்ல" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை "உணவகம் மூடப்பட்டால் நாங்கள் வெளியே சென்று ரொட்டியும் தேநீரும் கடனாகப் பெற்றோம்" என்று எழுதினால் தகவல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அந்த "அதுவும் கடன்ல" என்று நிறுத்திச் சொன்னதில்தான் அவருடைய அந்த மாதம் முழுக்க இருக்கிறது. பேசியபடியே எழுதுங்கள். உச்சரிப்பின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் எழுத்தில் காட்ட முயன்று படிக்க முடியாமலும் செய்துவிடாதீர்கள். 'இங்க', 'அப்புறம்', 'போயிட்டு' போன்றவற்றை முதல் பக்கத்திலிருந்து ஒரே மாதிரி எழுத ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சிரிப்பு, நீண்ட மௌனம், மேசையைத் தட்டியது ஆகியவற்றைப் பகர அடைப்புக்குள் [ ] குறியுங்கள். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் பத்து வருடம் கழித்து யாராலும் தேட முடியாது.

எங்கே ஒப்படைப்பது

உங்கள் மடிக்கணினி ஆவணக் காப்பகம் ஆகாது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு படி ஒப்படைக்கப் பதிவாளருக்கு எழுதுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற தமிழ் ஆவண நிறுவனங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒலிக்கோப்பு, எழுத்துப் படி, ஒப்புதல் கடிதத்தின் படி, நேரக்குறிப்பு நான்கும் சேர்ந்து போக வேண்டும். ஒப்புதல் கடிதம் இல்லாத பதிவை எந்த நல்ல காப்பகமும் வாங்காது.

அதற்கும் முன்னால் பேசியவருக்கு அவர் படி போய்ச் சேரட்டும். பென் டிரைவ் மட்டும் கொடுத்தால் அது அலமாரியில் தூங்கும். எழுத்துப் படியை 16 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளி விட்டு அச்சிட்டு ஸ்பைரல் போட்டு நேரில் கொண்டு போய்க் கொடுங்கள். ஓரத்தில் எழுத இடமும் ஒரு பேனாவும் இருக்கட்டும். படித்துவிட்டு, "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்று அவர் ஆரம்பிப்பார். அன்றைக்கும் ரெக்கார்டர் பையில் இருக்க வேண்டும், சார்ஜ் போட்டு.